எட்டாம் வீட்டாரின் பத்திரங்கள் எங்களிடம் இருக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், முடுக்குகளுக்குள் வீடுகள் நெருங்கியிருக்கும் பழைய தோட்டங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். குழாயடி வரிசை, ஆடிவேல், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், பகலில் கதவு பூட்டாத வீடுகள் எல்லாம் நான் கண்டபடியே இருந்தன. ஆனால், யுத்தத்துக்கு முன்னர் அயலவர்களுக்குள் ஒளிவுமறைவே இருக்கவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் எனக்கு மனம் பொறுக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மறைக்க ஒன்றும் இல்லாத வீடு ஒன்றுகூட இருக்கவில்லை. அதைச் சொல்லவும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பொருளை உரியவர்களிடம் சேர்க்கவும் இதை எழுதுகிறேன். சற்று நீளமான கடிதம். குறைக்க வேண்டியிருந்தால், தயவுசெய்து கடைசிப் பகுதியை மட்டும் குறைக்காமல் விடுங்கள்.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு முடுக்கு. அதற்குள் இருபத்திரண்டு வீடுகள், ஒரு குழாய், நான்கு மலசலகூடங்கள். காலை நான்கு மணிக்கே வாளிகள் வரிசையில் நிற்கும். ஆட்கள் பிறகுதான் வருவார்கள். எந்த வாளி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவர் வாளியை ஒருவர் தள்ளிவைக்கமாட்டார்கள். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், மாநகரசபைத் தொழிலாளர்கள், செட்டியார் தெருப் பட்டறைகளில் நகைக்கு மெருகு போடுபவர்கள், ஒரு சிகையலங்காரக்காரர், அப்பம் சுட்டு விற்கும் ஒரு சிங்கள ஆச்சி, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர். நாங்கள் ஏழாம் வீடு. எழுதுவினைஞர் ஐயா எட்டாம் வீடு. ஆச்சி மூன்றாம் வீடு. எங்களுக்கும் ஆச்சிதான், அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் ஆச்சிதான். இரண்டு மொழியிலும் அந்த ஒரு சொல் பொதுவாக இருந்தது சிறுவர்களான எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

அப்பா நாட்டாமி. பழைய சோனகத் தெருவிலும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் மூட்டை சுமந்து, கைவண்டி இழுத்தவர். இராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒன்பது வயதில் மாமன் ஒருவருடன் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, இரவு ரயிலில் கொழும்புக்கு வந்தவர். அது 1934 ஆம் ஆண்டு. இதையெல்லாம் நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். பாடசாலையில் அப்பாவின் ஊர் எதுவென்று கேட்டால் கொழும்பு என்று சொல்லும்படி எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். வேறு எதையாவது சொன்னால் 'கள்ளத்தோணி' என்ற சொல் வரும். டிக்கெட் எடுத்துக் கப்பலில் வந்த மனிதனுக்கும் அதே பெயர்தான்.

1975 இல் எனக்குப் பதினெட்டு வயது. அச்சகம் ஒன்றில் அச்சுக்கோக்கப் பழகிக்கொண்டிருந்தேன். என் வயதுப் பையன்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போனார்கள். நானும் போகிறேன் என்றேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே கோப்பையில் வைத்துவிட்டு, "நமக்கு வராது தம்பி" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அம்மாதான் மெதுவாகச் சொன்னார். நாங்கள் யாரும் இந்த நாட்டின் பிரஜைகள் அல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அப்பா நாடற்றவரானார். நாடற்றவருக்கு இங்கே பிறந்ததால் நானும் நாடற்றவன்.

மறு ஆண்டே வந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்பா பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். திருமணமானவர் 1946 ஜனவரி 1 க்கு முந்திய ஏழு ஆண்டும், ஆகாதவர் பத்து ஆண்டும் இங்கே தொடர்ந்து வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் திகதிக்குள் அப்பா வந்து ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அத்தனை ஆண்டும் அவர் படுத்தது கடைத் திண்ணையில். திண்ணைக்கு வாடகைத் துண்டு உண்டா? வண்டி இழுத்த கூலிக்குப் பற்றுச்சீட்டு உண்டா? விண்ணப்பம் திரும்பி வந்தது. அதோடு அவர் வாய் மூடிக்கொண்டார்.

மற்ற வீடுகளின் சங்கதிகளை விரித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இறந்துபோன பாட்டியின் கூப்பன் புத்தகத்தில் ஒன்றரை வருடம் அரிசி எடுத்த வீடு இருந்தது. கணவர் குவைத்தில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்ட ஒரு அக்கா இருந்தார், குவைத்திலிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை. கடைசி வீட்டில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று யாரும் காட்டிக்கொண்டதில்லை. தபால்காரர் முடுக்கின் முனையில் நின்று அந்த அக்காவின் வீட்டு இலக்கத்தைத் தவறிக்கூட உரக்கச் சொல்லமாட்டார். குழாயடியில் சண்டை வந்தால் வாயில் வராத வசை இல்லை. ஆனால் அந்த உச்சக் கோபத்திலும் பாட்டியின் கூப்பனை ஒருவரும் இழுத்ததில்லை. அயல் என்றால் எனக்கு இன்றைக்கும் இதுதான் நினைவுக்கு வருகிறது.

எட்டாம் வீட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எழுதுவினைஞர் ஐயா 1962 இல் அந்த வீட்டுக்கு வந்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். தோட்டத்தில் வெள்ளைச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து வேலைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். யாரோடும் அதிகம் கதைக்கமாட்டார். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தேநீர் குடித்ததில்லை. அப்பா அதைச் சாதித் திமிர் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைத்தேன். அம்மா மட்டும், "அந்த மனுசனுக்கு என்ன பயமோ" என்பார்.

எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே பலகைச் சுவர். பலகையில் ஒரு கணு விழுந்து, காற்சட்டைப் பொத்தான் அளவு துவாரம் இருந்தது. அம்மா அதைச் சவர்க்காரத் துண்டு வைத்து அடைத்திருந்தார். காய்ந்தால் அது கழன்று விழும். அப்படி விழுந்திருந்த ஓர் இரவு, எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும், நான் அதற்குள் கண்ணை வைத்தேன். ஐயா நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார். லாம்புத் திரி தணிக்கப்பட்டிருந்தது. மடியில் சிலேற், பிள்ளைகள் எழுதும் சிலேற். அதில் சிங்கள எழுத்துகளை வட்டம் வட்டமாக எழுதிக்கொண்டிருந்தார். ஓர் எழுத்தை நாலு தடவை எழுதுவார், தலையைச் சரித்துப் பார்ப்பார், ஐந்தாவது தடவை எழுதுவார். முடித்ததும் ஈரத் துணியால் துடைத்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பிறகு அந்தச் சிலேற்றை லாம்புக்கு நேரே பிடித்து, ஒரு கோடாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தார். நாற்பது ஆண்டுகள் ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிப் பிழைத்தவன் நான். ஓர் எழுத்தின் முன்னால் அவ்வளவு பயத்தோடு உட்கார்ந்திருந்த மனிதரை வேறெங்கும் கண்டதில்லை.

1956 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிங்களம் மட்டுமே அரச மொழி ஆனது. தமிழ் அரசாங்க ஊழியர்கள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டும், தேறாவிட்டால் சம்பள உயர்வு நிற்கும். ஐயாவின் சகோதரர்களோ 1961 இல் யாழ்ப்பாணம் கச்சேரி, அதாவது அரசாங்க அதிபர் அலுவலக, வாசலில் அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை சிங்களம் படிக்கிறான் என்ற செய்தி ஊருக்குப் போனால் என்ன ஆகும்? இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய மனிதர் வேறு என்ன செய்வார்? இரவு ஒன்பது மணிக்குமேல் அவர் மூன்றாம் வீட்டுக் குசினிக்குப் பின்வழியால் போவார். ஆச்சி மறுநாள் அப்பத்துக்கு மாவைக் கரைத்தபடியே பாடம் சொல்லிக்கொடுப்பார். இதுவும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளான எங்களையும் அந்த நேரத்தில் பின்பக்கம் போகவிடமாட்டார்கள்.

1971 ஏப்ரலில் இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராக நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு ஆச்சியின் இளைய மகனைக் காணவில்லை. அநுராதபுரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று ஆச்சி சொன்னார். நாங்களும், "நல்ல வேலையா ஆச்சி, சம்பளம் போதுமா?" என்று கேட்டோம். அவன் வித்தியாலங்கார வளாகத்தில், தடுப்பு முகாமாக மாற்றப்பட்டிருந்த இடத்தில் இருந்தான். அவனுக்காக மேலிடத்துக்குப் போன ஆங்கில மனுக்கள் எல்லாம் எட்டாம் வீட்டில் எழுதப்பட்டவை. அரசாங்க ஊழியர் ஒருவர் அந்தக் காலத்தில் அப்படிச் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை அன்று வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பையன் இரண்டு வருடம் கழித்து வந்தான். அநுராதபுரம் எப்படி என்று எல்லோரும் விசாரித்தார்கள்.

ஐயாவின் மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமைதியான அம்மா. சுத்தமான யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுவார், ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக எடுத்து வைப்பது போல. பின்னேரங்களில் எங்கள் வாசலில் உட்கார்ந்து அம்மாவோடு முருங்கைக் கீரை உருவுவார். அந்த விரல்கள் ஓடும் வேகத்தை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார். ஒன்றும் கேட்டதில்லை.

தமிழருக்கு எதிரான 1977 கலவரம் எங்கள் முடுக்குக்குள் வரவில்லை. 1983 இல் வந்தது. ஜூலை 25, திங்கட்கிழமை.

கும்பல்கள் வாக்காளர் இடாப்போடு வந்தன என்று அன்று கொழும்பில் இருந்த பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் கண்டேன். கையில் தாளோடு ஓர் இளைஞன், இருபது வயதுகூட இராது, வீட்டு இலக்கங்களை வாசித்துக்கொண்டு வந்தான். ஏழாம் இலக்கத்தில் எங்கள் பெயர் இல்லை. நாடற்றவனுக்கு ஏது வாக்கு? அந்த வீடு ஆச்சியின் மூத்த மகளுடையது. அவர் கலியாணம் முடித்து ராகமைக்குப் போனபோது எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. இடாப்பில் அவர் பெயர் எடுபடாமலே இருந்திருக்கிறது. அந்த இளைஞன் சிங்களப் பெயரை வாசித்தான். ஆச்சி அப்பத் தாச்சியை இறக்கி வைத்துவிட்டு வந்து, "அது என் மகளின் வீடு" என்றார். தாளில் இருந்ததும் அதுதான். நாங்கள் உள்ளே, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், மூச்சுவிடாமல் இருந்தோம். முப்பத்தைந்து ஆண்டுகளாக அப்பா தலைகுனிந்து மறைத்த ஒரு விஷயம் அன்று எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று.

எட்டாம் இலக்கத்தில் பெயர்கள் ஒழுங்காக இருந்தன. முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். அந்த வீட்டைப் பற்றியும் ஆச்சி ஏதோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. நல்லவேளையாக, நால்வரும் மத்தியானமே பின்சுவர் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். ஏணியைப் பிடித்தவன் ஆச்சியின் இளைய மகன். பொருட்களை வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். எங்கள் பலகைச் சுவரும் பாதி கருகியது.

ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த அன்றிரவு அம்மா வாசலைத் திறந்து சாக்கடைக் கானுக்குள் இறங்கினார். அப்பா எவ்வளவோ தடுத்தார். சேலைத் தலைப்பில் சுற்றி அவர் கொண்டுவந்தது, நெளிந்த ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் ஒரு கொப்பியும். நனைந்திருந்தன. துணி விரித்து, மேலே இஸ்திரிப் பெட்டியைச் சூடு தணித்து வைத்து வைத்து விடியும்வரை காயவைத்தார். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடதாசி இல்லாமல் ஒரு குடும்பம் என்ன பாடு படும் என்று மட்டும் தெரியும்.

அவர்கள் அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். பிறகு ஒரு தகவலும் இல்லை. யுத்தம் வந்துவிட்டது. அப்பா 1991 இல், இந்த நாட்டிலும் எந்த நாட்டிலும் பிரஜை இல்லாமலே காலமானார். எனக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்போது வயது 46.

அம்மா அந்தத் தகரத்தைத் தன் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். திறந்து பார்க்க எங்களை விடமாட்டார். "பிறத்தியார் கடதாசி, நமக்கென்ன" என்பார். சென்ற தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தார். நான் முதல் தடவையாகத் திறந்தேன்.

கொப்பியில் பெயர்களே இல்லை. வீட்டு இலக்கம், திகதி, எந்தக் கந்தோருக்கு எழுதியது, என்ன பதில். ஐயாவின் கையெழுத்தில் பதினேழு வரிகள். ஆச்சி வீட்டு மனுக்களும் உண்டு. பெரும்பாலானவை பிரஜாவுரிமை விண்ணப்பங்கள், நாடற்றவர்களைப் பற்றி இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்கும் 1974 ஒப்பந்தத்துக்கும் பிறகு எழுதியவை. எங்கள் ஏழாம் வீடு மூன்று இடங்களில் இருக்கிறது. மூன்றிலும் பதில் என்ற கட்டத்தில் சிறு கோடு ஒன்றுதான். அப்பா இரவில் போய் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், மூன்று தடவை. பிள்ளைகளான எங்களுக்குத் தெரியாது. தேநீர் குடிக்காத மனிதரைப் பற்றி நாங்கள் வாய்க்கு வந்ததைப் பேசியபோதும் அப்பா சேர்ந்துதான் பேசினார். காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் அப்படிப் பேசியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

பிறப்புப் பத்திரங்களையும் வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. நமது நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் என்னென்ன கட்டங்கள் உண்டு என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அவற்றில் ஒரு கட்டத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு, பல ஆண்டுகளாக எனக்குப் புரியாத சில விஷயங்கள் புரிந்தன. அதை இங்கே எழுதமாட்டேன், என் மனைவி பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. அது அந்த வீட்டார் விஷயம்.

இனி அந்த இரு சகோதரிகளுக்கு.

தங்கைமாரே, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ தெரியாது. பதிவாளர் கந்தோரில் பிரதி எடுத்து உங்கள் காரியங்களை எப்போதோ முடித்திருப்பீர்கள். இருந்தாலும் மூலப் பத்திரம் உங்கள் அப்பா பத்திரப்படுத்தியது, உங்கள் கையில் சேர வேண்டும். அந்தக் கொப்பியும் உங்களுடையதுதான். அவர் சிலேற்றில் எழுதியதை எல்லாம் துடைத்தார், இதை மட்டும் துடைக்காமல் வைத்திருந்தார். உங்கள் பெயர்களை நான் இங்கே போடவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் என் விலாசம் இருக்கிறது.

வேறு யாரும் வந்து கேட்டால் கொடுக்கமாட்டேன். நீங்கள்தான் என்று நான் அறிய ஒரே ஒரு கேள்வி. மூத்தவருக்கு ஆறு வயதிருக்கும், எனக்குக் காய்ச்சல் கண்டு பாடசாலைக்குப் போகாமல் படுத்திருந்த நாள். சவர்க்காரத் துண்டு உங்கள் பக்கத்திலிருந்து தள்ளப்பட்டு என் பாயில் விழுந்தது. பின்னாலேயே அந்தத் துவாரத்தின் வழியாக ஒரு பொருள் வந்தது. அது என்ன என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வீட்டு அண்ணன்
(ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்)
கொழும்பு 13